உப்பு விளையும் ஊரில் ஒரு நாள்

சுற்றுலா என்ற பேச்சு எழுந்தவுடன் நம் இல்லங்களில் ஊட்டி, கொடைக்கானல், கன்னியாகுமரி என்னும் பெயர்களே முதலில் நாவில் வருகின்றன. செலவைக் கணக்கிட்டதும் பேச்சு அடங்கிவிடுகிறது. விடுமுறையும் கழிந்துவிடுகிறது. அதிகாலையில் புறப்பட்டு இரவு உணவுக்குள் வீடு திரும்பத்தக்க தொலைவில் காணத்தக்கவை இல்லையா? உண்டு என்பதை, சென்ற பிப்ரவரித் திங்களில் திருவெண்ணெய்நல்லூரிலிருந்து நான்கு குடும்பத்தாராக ஒரு வேனில் மரக்காணம் சென்று நாம் கண்டறிந்தோம்.

விழுப்புரம், திண்டிவனம் வழியாக ஏறத்தாழ 95 கிலோமீட்டர். பெண்ணையாற்றங்கரையின் கரும்பும் நெல்லும் பின்னே மறைந்து, பனையும் சவுக்கும் வந்து, இறுதியில் உவர்மண் தொடங்குகிறது. இப்பாதை புதியதன்று. பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை, ஓய்மானாட்டு நல்லியக்கோடனைக் காணச் செல்லும் பாணனுக்கு வழி சொல்லும் நூல். அதில் வரும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்பது அறிஞர் கருத்து. நல்லியக்கோடனின் கிடங்கில் இன்றைய திண்டிவனத்துக்குள் அடங்கிவிட்டது. எந்த ஊரில் யார் வாழ்கின்றனர், வந்தவருக்கு என்ன உணவு அளிப்பர் என்பதையெல்லாம் அந்நூல் சொல்கிறது. உப்பு வண்டியோட்டும் உமணரையும் அது மறக்கவில்லை. ஊரைக் காண்பது என்றால் அங்கு வாழ்வோரைக் காண்பது என்றே நம் முன்னோர் கொண்டனர் போலும்.

நாம் சேர்ந்தபோது கதிரவன் அப்போதுதான் எழுந்துகொண்டிருந்தான். கண்ணுக்கெட்டிய தூரம் வரை பாத்திகள். அவற்றின் ஓரமெல்லாம் வெண்குவியல்கள். தூத்துக்குடி, வேதாரண்யம் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாகத் தமிழகத்தில் உப்பு மிகுதியாக விளைவது இங்கேதான். கடலிலிருந்து உப்பை அப்படியே அள்ளி வருவதாக எண்ணியிருந்த நம் சிறுவர்களுக்கு ஒரே வியப்பு. கடல்நீரில் நூற்றுக்கு மூன்றரைப் பங்கே உப்பு. உவர்நீரை முதலில் பெரிய பாத்திகளில் தேக்கி, வெயிலிலும் காற்றிலும் வற்றவிட்டு, செறிவு ஏற ஏற அடுத்தடுத்த பாத்திகளுக்கு மாற்றுகிறார்கள். சுண்ணாம்பும் ஜிப்சமும் வழியிலேயே படிந்துவிடுகின்றன. இறுதியில், மிதித்து இறுக்கிய சிறு பாத்தியில்தான் உப்புப் பூக்கிறது. எஞ்சும் கசப்பு நீரை உரிய வேளையில் வடித்துவிட வேண்டும். தவறினால் உப்பும் கசக்கும். எதிர்பாராத ஒரு மழை போதும், அத்தனையும் கரைந்துபோக.

இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோதே நம் பிள்ளைகள் இருவர், படம் எடுத்துக்கொள்ளும் ஆவலில், வரப்பை விட்டு விளைந்த பாத்தி ஒன்றுக்குள் இறங்கிவிட்டனர். நீண்ட கோல் மாட்டிய பலகையால் உப்பை வாரிக்கொண்டிருந்த அம்மையார் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். அவர் சினக்கவில்லை. “தம்பிங்களா, வரப்பு மேல நில்லுங்க. சேறு கலந்தா இந்த உப்பு கறுத்துப்போவும், வாங்கறவங்க வேணாம்னுடுவாங்க” என்று மட்டும் சொன்னார். நம்முள் மூத்தவரான ஆசிரியர், “தெரியாம செஞ்சிட்டாங்க, மன்னிச்சிக்கம்மா” என்றார். “பரவாயில்லீங்க ஐயா. வர்றவங்க எல்லாரும் இப்படித்தான்” என்று அவர் மீண்டும் குனிந்துகொண்டார். அந்தக் கடைசிச் சொல் நம்மைச் சுட்டது. நாம் நின்ற இடம் பூங்கா அன்று, பிறருடைய கழனி. கண்கூசும் வெண்மையும் காலை அரிக்கும் உவரும் நமக்கு ஒரு மணி நேரக் காட்சி. அவருக்கோ வாழ்நாள் வேலை. ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த வேலையும் நின்றுவிடும். அம்மாதங்களைக் கடக்கவே உப்பளத் தொழிலாளருக்கு 5,000 ரூபாய் நிவாரணத்தைத் தமிழக அரசு அறிவித்தது.

வெயில் ஏறுமுன் வடக்கே சென்று கடப்பாக்கத்தை அடுத்த ஆலம்பரைக் கோட்டையைக் கண்டோம். செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய இக்கோட்டை, 1750-இல் பிரெஞ்சு ஆளுநர் தூய்ப்ளேக்கு அளிக்கப்பட்டது. 1760-இல் ஆங்கிலேயர் அதைக் கைப்பற்றித் தகர்த்தனர். நாணயச்சாலையும் துறைமுகமும் இருந்த இடத்தில் இன்று இடிந்த சுவர்களும் அமைதியான உப்பங்கழியும் மட்டுமே. மீனவர் படகில் கழியைச் சுற்றி வரலாம். உயிர்காப்பு மேலாடை இல்லாத படகில் குழந்தைகளை ஏற்ற வேண்டாம். கழி கடலோடு கலக்கும் இடத்தில் நீரோட்டம் வஞ்சகமானது. அங்கே குளிப்பதை அறவே தவிர்க்க வேண்டும்.

மரக்காணம் திரும்பும் வழியில் பக்கிங்காம் கால்வாயைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொன்னோம். ஆந்திரத்துப் பெத்தகஞ்சாமில் தொடங்கிச் சுமார் 420 கிலோமீட்டர் ஓடிவரும் அக்கால்வாயின் தென்கோடி மரக்காணமே. 1876-78 தாது வருடப் பஞ்சத்தில் பசித்தவர்களுக்குக் கூலி தர, சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி வெட்டப்பட்டது. ஒரு காலத்தில் உப்பும் விறகும் படகேறிச் சென்னை சென்ற வழி இது.

நிழலில் கட்டுச்சோறு உண்டு இளைப்பாறியபின், மாலையில் கழுவேலி ஏரிக்கரைக்குச் சென்றோம். பழவேற்காட்டை அடுத்துத் தென்னிந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இது. சுற்றுப்புற ஏரிகளின் மழைநீர் ஒருபுறமும் கடல்நீர் மறுபுறமும் வந்து கலப்பதால் இருவகை நீருக்கும் உரிய உயிர்கள் இங்கே வாழ்கின்றன. 5,151 ஹெக்டேர் பரப்பு 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024-இல் உலக ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. கூழைக்கடா, நாரை, வடபுலத்திலிருந்து வந்த வாத்துகள் என்று பிள்ளைகள் எண்ணத் தொடங்கி, எண்ண மாட்டாமல் விட்டுவிட்டனர். பூநாரையைக் காணும் பேறும் சிலருக்கு வாய்க்கும். உரக்கப் பேசாமல், ஒலிபெருக்கி வைக்காமல் நின்றால் அவை நம்மைப் பொருட்படுத்துவதில்லை.

இத்தாலியின் தென்பகுதியில் மார்கெரிட்டா தி சவோயா என்றொரு சிற்றூர் உண்டு. மரக்காணத்தைப் போன்றே கடலும் உப்பளமும் பூநாரையும் கொண்ட ஊர். 1879-இல் அந்நாட்டு அரசியின் பெயரைச் சூட்டிக்கொண்டது. உப்பளத்தையும் பறவைகளையும் காண்பதற்கென்றே அங்கு மக்கள் வருகிறார்கள். உப்பெடுத்தோரின் கருவிகளும் வாழ்வும் அங்கே அருங்காட்சியகமாகக் காக்கப்படுகின்றன. அவ்வளவு தூரம் செல்ல நம்மால் இயலாது. ஆனால் அதே செல்வம் நம் வாயிலில் இருக்க, நாம் அதைக் கடந்து புதுச்சேரிக்கும் சென்னைக்கும் விரைந்துகொண்டிருக்கிறோம்.

செல்ல விரும்பும் குடும்பத்தாருக்குச் சில சொற்கள். உப்பு விளையும் காலமும் பறவைகள் தங்கும் காலமும் ஒன்றுகூடும் பிப்ரவரி, மார்ச் மாதங்களே ஏற்றவை. தொப்பி, குடிநீர், கட்டுச்சோறு ஆகியவற்றைக் கொண்டு செல்லுங்கள். குப்பையைத் திரும்பக் கொண்டு வாருங்கள். உப்பளத்தில் இறங்குமுன் அங்குள்ளோரிடம் ஒரு சொல் கேளுங்கள். கம்பரை ஆதரித்த சடையப்ப வள்ளலின் ஊரார் நாம். விருந்தோம்பலைப் பெருமையாகப் பேசுகிறோம். விருந்தினராகச் செல்வதற்கும் ஒரு முறை உண்டன்றோ!

ஊர் திரும்புமுன் சாலையோரத்தில் ஒரு மூட்டை கல்லுப்பு வாங்கி நான்கு வீட்டாரும் பகிர்ந்துகொண்டோம். கீரைக்கட்டுக்கும் பேரம் பேசும் நம் வீட்டுப் பெண்மணிகள், அன்று கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வேனில் ஏறினார்கள்.