கூடு காட்சிப்பொருள் அன்று

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு வடக்குத் தெற்காகக் கிடக்கின்றது. கதிரவன் எழும் பக்கத்துக் கரையை எழுவான்கரை என்றும், படும் பக்கத்துக் கரையைப் படுவான்கரை என்றும் மட்டக்களப்பார் வழங்குவர். களுவாஞ்சிகுடியிலிருந்து பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து படுவான்கரைக்குள் புகும் வீதி, போரதீவுப்பற்றின் வயல்வெளிகளினூடாக வெல்லாவெளிக்குச் செல்கின்றது. வயல் வட்டைகளும், நீர்த்தாவரங்கள் படர்ந்த குளங்களும், குளக்கட்டை அடுத்த மரச்செறிவுகளும் நிறைந்த இப்பிரதேசம் பறவைகளுக்கு இரை தரும் நிலமாகவும் இனம் பெருக்கும் நிலமாகவும் விளங்குவதில் வியப்பில்லை. பாலங்கடந்து இவ்விடத்துக்கு வருவோருள் அண்மைக்காலத்தில் ஒரு புதுவகையினரும் சேர்ந்துள்ளனர். நீண்ட வில்லை பூட்டிய கமராவைத் தோளிலே தொங்கவிட்டு, கூடு எங்கே இருக்கிறதென்று ஊர்ச் சிறுவரை வினவும் இவர்கள் வேட்டைக்காரர் அல்லர். பறவைகளை நேசிப்போர் என்றே தம்மைக் கூறிக்கொள்வர். அந்த நேசத்தின் தன்மையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். பறவையைப் படம் எடுப்பது வேறு. பறவையின் கூட்டைப் படம் எடுப்பது வேறு. வரம்பிலே நிற்கும் கொக்கும், குளத்திலே மூழ்கி எழும் நீர்க்காகமும், வானிலே வட்டமிடும் நத்தைகுத்தி நாரையும் மனிதன் நெருங்கினால் பறந்து வேறிடம் செல்லும். அவற்றுக்கு நேரும் இழப்புச் சில நிமிட நேர இரையேயாகும். கூட்டிலே அமர்ந்துள்ள பறவைக்கு அத்தகைய வசதி இல்லை. அது எழுந்து பறந்தால் முட்டை தனித்துவிடும். எழாதிருந்தால் தன்னுயிருக்கு ஆபத்தென அஞ்சும். இவ்விரண்டுக்கும் இடையே அதனை நிறுத்தி வைத்து, அது திகைத்து நிற்கும் கணத்தைப் பதிவுசெய்து, அதற்குத் 'தாய்மை' என்று பெயரும் சூட்டுகின்றனர். தாய்மை எனப் போற்றப்படும் அப்பார்வை பெரும்பாலும் அச்சத்தின் பார்வையே என்பதை எத்தனைபேர் எண்ணிப் பார்த்துள்ளனர்?

'படத்தைத் தவிர வேறு எதையும் எடுப்பதில்லை' என்பது கூட்டைப் படம்பிடிப்போர் கூறும் முதலாவது நியாயமாகும். இந்நியாயம் ஆட்காட்டியின் முன்னிலையில் நில்லாது. ஆட்காட்டி மரத்தில் கூடு கட்டுவதில்லை. அறுவடை முடிந்த வெறுவயலிலோ, குளத்தின் வற்றிய ஓரத்திலோ, வெறுந்தரையில் ஒரு சிறு குழிவை அமைத்து, பொதுவாக நான்கு முட்டைகளை இடுகின்றது. அவை மண்கட்டியின் நிறத்தையே ஒத்திருத்தலால் மனிதக் கண்ணுக்கு எளிதில் புலப்படா. அடைகாத்தல் என்றால் முட்டைக்குச் சூடு கொடுத்தல் என்றே பலரும் கருதுவர். உலர்வலயத்தின் கடும்பகலில் உண்மை அதற்கு நேர்மாறானது. முட்டையினுள் வளரும் கருவுக்கு உகந்த வெப்பநிலை ஏறத்தாழ 36 முதல் 38 பாகை செல்சியஸ் ஆகும். 40 பாகைக்கு மேற்பட்ட வெப்பம் நீடிக்குமாயின் கரு மடியும். நண்பகல் வெயிலில் கிடக்கும் வெறுந்தரையின் சூடு அதனினும் மேற்செல்லும். ஆகவே அந்நேரத்தில் தாய்ப்பறவை முட்டைமேல் அமர்வது சூடு கொடுப்பதற்கன்று, நிழல் கொடுப்பதற்கேயாம். அது நீர்நிலைக்குச் சென்று வயிற்று இறகுகளை நனைத்து வந்து, அந்த ஈரத்தால் முட்டைகளைக் குளிர்விக்கும் வழக்கமும் பறவையியலாளரால் அவதானிக்கப்பட்டுள்ளது.

இந்நிலையில் ஒருவர் கமராவுடன் அருகிற் சென்று, நல்ல வெளிச்சம் வேண்டுமென்று நண்பகலைத் தேர்ந்து, அரைமணிநேரம் நிற்பாராயின் விளைவு யாது? பறவை தலைக்குமேல் வட்டமிட்டுக் கத்திக்கொண்டிருக்கும். கீழே முட்டைகள் வெந்துகொண்டிருக்கும். அவர் ஒரு முட்டையையும் தொடவில்லை, கூட்டைக் கலைக்கவுமில்லை. மாலையிலே தம் கை கறைபடவில்லை என்ற மனநிறைவுடன் பாலங்கடந்து திரும்பிவிடுவார். சில வாரங்கள் கழித்து அம்முட்டைகள் பொரியாமற் கிடப்பதைப் பார்க்க அவர் மீண்டும் வரப்போவதில்லை. தன் தீமையைத் தான் காணவேண்டிய தேவை அற்றுப்போவதே இச்செயலின் மிகக் கொடிய இயல்பாகும்.

மரத்திலும் நாணலிலும் கட்டப்படும் கூடுகளுக்கு வேறுவகையில் கேடு நேர்கின்றது. கூட்டின்முன் உள்ள இலையும் கிளையும் படத்தை மறைக்கும். எனவே அவை ஒதுக்கிக் கட்டப்படும், அல்லது வெட்டப்படும். அந்த இலைகளே வெயிலுக்கும் மழைக்கும் பருந்துக்கும் காகத்துக்கும் திரையாக நின்றவை. தூக்கணாங்குருவி தன் கூட்டை நீரின்மேல் தாழ்ந்த கிளைநுனியில் தொங்கவிடுவது அழகுக்காக அன்று. பாம்பும் பிற பகையும் எளிதில் எட்டாமைப் பொருட்டே. அக்கிளையை வளைத்து எட்டிய உயரத்துக்குக் கொணர்வோர், அக்குருவி நாட்கணக்கில் நார் கிழித்துப் பின்னித் தேடிய பாதுகாப்பை ஒரு நொடியில் அழித்துவிடுகின்றனர். முல்லைக்குத் தேர் ஈந்த பாரியையும் மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனையும் மேடைதோறும் புகழும் சமூகம் இது. அச்சமூகத்தின் படித்த பிள்ளைகள் குருவியின் போர்வையைக் களைந்துவிட்டு அதன் நிர்வாணத்தைப் படம்பிடித்துப் பரிசு பெறுவது எவ்வகைப் பண்பாடு?

காகம் கூர்ந்த அறிவுடையது. மனிதன் எங்கே குனிகின்றான், எப்பறவை எங்கிருந்து எழுந்தது என்பவற்றை அது கவனித்திருக்கும். மிதிபட்ட புல்லின் தடம் வேறு விலங்குகளுக்கும் வழிகாட்டும். பறக்கும் பருவத்தை எட்டாத குஞ்சுகள் அச்சத்தால் கூட்டைவிட்டுக் குதிப்பதும் உண்டு. நிலத்தில் விழுந்த அவை மீண்டும் கூட்டுக்கு ஏறுவதில்லை. ஒருவர் மட்டும் வந்துபோனாற்கூட இவ்வளவும் நேரும். இக்காலத்திலோ எடுத்த படம் அன்றிரவே இடப்பெயருடன் முகநூலில் ஏறுகின்றது. மறுநாள் பத்துப்பேர் அதே கூட்டைத் தேடி வருகின்றனர். முன்னர் ஆள் எட்டமுடியாத மரவுச்சிக்கும் இன்று ட்ரோன் எட்டுகின்றது. அதன் இரைச்சல் கூட்டின்மேல் இறங்கும் பருந்தினும் கொடிது.

'கூட்டுப் படங்கள் இல்லாவிடில் பறவையியல் வளர்ந்திருக்குமா?' என்பது அடுத்த வினா. நியாயமான வினாவே. இங்கிலாந்தில் 1892ஆம் ஆண்டு செரி கியர்ட்டன் என்பார் முட்டைகளோடு கூடிய ஒரு பறவைக்கூட்டைப் படம் எடுத்தார். அவரும் அவர் தமையனார் ரிச்சர்ட் கியர்ட்டனும் 1895இல் வெளியிட்ட நூல், முழுதும் ஒளிப்படங்களைக் கொண்டு அமைந்த முதல் இயற்கை நூல்களுள் ஒன்றாகும். கூடுகளிலிருந்து முட்டைகளைத் திருடிப் பெட்டிகளில் அடுக்கிவைத்தலே பறவையியல் எனக் கருதப்பட்ட காலத்தில், முட்டைக்குப் பதிலாகப் படத்தைக் கொண்டுவரலாம் என அச்சகோதரர் காட்டியமை ஒரு முன்னேற்றமே. ஆயின் அன்றைய முன்னேற்றம் இன்றைய சாட்டாக முடியாது. கியர்ட்டன் சகோதரர் படமெடுத்தபொழுது உலகம் அத்தகைய காட்சியைக் கண்டிருக்கவில்லை. ஆட்காட்டியின் முட்டை எந்நிறத்தது என்பதை அறியாத நூல் இன்று எது? ஆயிரத்தோராவது படம் அறிவுக்கு எதனையும் சேர்ப்பதில்லை. எடுத்தவரின் பெயருக்கே எதையோ சேர்க்கின்றது.

அறிவு எவ்வாறு வளர்ந்தது என்பதற்குச் சாலிம் அலியே சான்று. 1930இல் பம்பாய்க்கு அண்மையிலுள்ள கீகிம் என்னும் கடற்கரையூரில், ஏணிமேல் கித்தான் மறைவு அமைத்து, அதனுள் ஒடுங்கியிருந்து தூக்கணாங்குருவிகளை அவர் மாதக்கணக்கில் அவதானித்தார். ஆண்குருவி கூட்டைப் பாதி கட்டி நிறுத்துவதும், பெண்குருவி வந்து பார்த்து ஏற்றபின்னரே அதனை முடிப்பதும், முடித்தபின் அது வேறொரு பெண்ணுக்காக வேறொரு கூட்டைத் தொடங்குவதும் அவ்வாறே தெளிவாக வெளிப்பட்டன. அங்கே அறிவை ஈட்டியது பொறுமை. பறவை தன்னை மறந்து இயல்பாக இயங்கும் அளவுக்கு மனிதன் மறைந்திருந்த தன்மை. ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் பத்து நிமிடம் கூட்டருகே நின்று வருவோர் சாலிம் அலியின் பெயரைத் துணைக்கழைப்பது அவருக்குச் செய்யும் அநீதியாகும். கூட்டைக் காண்பதற்கு உண்மையான ஆராய்ச்சித் தேவை உடையோர் முறையான அனுமதியுடனும் பயிற்சியுடனும் அதனைச் செய்வர். கூட்டு ஒளிப்படம் பிறந்த பிரித்தானியாவிலேயே, 1981ஆம் ஆண்டின் வனவிலங்கு, நாட்டுப்புறச் சட்டத்தின் கீழ், அட்டவணைப்படுத்தப்பட்ட அரிய பறவைகளைக் கூட்டருகே வேண்டுமென்று தொந்தரவு செய்தல் அனுமதிப்பத்திரமின்றேல் குற்றமாகும். கமராக்காரருக்கும் அதில் விலக்கு இல்லை.

இலங்கையில் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பறவைகளைக் கொல்வதையும், முட்டைகளையும் கூடுகளையும் எடுப்பதையும் அழிப்பதையும் தடுக்கின்றது. 1938இலேயே பறவைச் சரணாலயமாக்கப்பட்ட குமனையில், இன்று தேசிய வனத்தின் விதிகள் பார்வையாளரை வாகனத்தைவிட்டு நினைத்த இடத்தில் இறங்கவிடா. வெல்லாவெளியின் வயலுக்கோ குளத்துக்கோ வாயிலும் இல்லை, காவலரும் இல்லை. காவல் இல்லாத இடத்தில் ஒருவன் எவ்வாறு நடந்துகொள்கிறான் என்பதே அவனது நேசத்துக்கு உரைகல்.

இங்கே இன்னுமோர் எதிர்வாதம் எழும். அது முன்னையவற்றினும் கனமானது. 'படுவான்கரையில் காட்டு யானைகள் வேளாண்மையை அழிக்கின்றன, குடிசைகளை உடைக்கின்றன, உயிர்களையும் பறிக்கின்றன. கிருமிநாசினி வயலில் இறங்குகின்றது. மனிதரே அல்லற்படும் மண்ணில் குருவிக்கூட்டைப் பற்றிப் பேசுவது வயிறு நிறைந்தோரின் பொழுதுபோக்கல்லவா?' இவ்வாறு வினவுவோரின் துயரம் மெய்யானது, முடிவு தவறானது. யானையைத் தடுக்க வேலி வேண்டும், பணம் வேண்டும், அரசு அசைய வேண்டும். நஞ்சைக் குறைக்க உழவனுக்கு மாற்றுவழி காட்ட வேண்டும். கூட்டைப் படம்பிடிக்காதிருப்பதற்கு எவருக்கும் ஒரு சதமும் செலவில்லை. உழவன் தன் பிழைப்புக்காக வயலில் இறங்குகிறான். அவன் மண்வெட்டி தற்செயலாக ஒரு கூட்டைக் கலைக்கக்கூடும். கமராக்காரரோ கூட்டைத் தேடியே வருகின்றார். பெரிய கேடுகளைக் காட்டித் தன் சிறிய கேட்டை மறைக்க முனைவோர், பெரிய கேடுகளுக்கு எதிராகவும் விரலசைப்பதில்லை என்பது கண்கூடு.

பறவையோடு ஒட்டி வாழும் மரபு தமிழர்க்குப் புதிதன்று. செங்கற்பட்டுப் பகுதியிலுள்ள வேடந்தாங்கல் மக்கள், தம் ஏரிப் பறவைகள் சுடப்படுவதைப் பொறாது முறையிட்டு, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே கலெக்டர் லயனல் பிளேசிடமிருந்து காப்புரிமை பெற்றனர். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் தம் வயலுக்கு உரமாவதை அவர்கள் அறிந்திருந்தனர். நெல்லை மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் நாரைகள் வீட்டு மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. ஊரார் தீபாவளிக்கும் வெடி கொளுத்துவதில்லை. அவ்வூர்ப் பறவைகளைக் காத்தது எவருடைய படமும் அன்று. பண்டிகை நாளிலும் ஓசையடக்கி வாழ்ந்த மக்களின் கட்டுப்பாடே காத்தது.

அத்தகைய கட்டுப்பாட்டுக்குரிய அமைப்பு படுவான்கரையிலும் உண்டு. போகந்தோறும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம் கூடி, விதைப்பு நாள், நீர் திறக்கும் நாள், மாடுகளை வட்டையிலிருந்து அகற்றும் நாள் ஆகியவற்றைத் தீர்மானிக்கின்றது. வட்டவிதானை அவற்றை நடைமுறைப்படுத்துகிறார். மாடு எந்நாள்வரை வயலில் நிற்கலாம் என்று விதிக்க வல்ல கூட்டம், கமரா எம்மாதங்களில் குளக்கரைக்கு வரலாகாது என்றும் விதிக்கலாம். அதனைக் கேட்கவேண்டியது உழவரின் கடமை மட்டுமன்று. அவ்வூர்களிலிருந்து பல்கலைக்கழகம் புகுந்த மாணவரின் கடமையுமாகும். பல்கலைக்கழகமும் தன் பங்கைச் செய்தல் வேண்டும். ஒளிப்படக் கழகங்கள் தம் கண்காட்சிகளில் கூடு, முட்டை, கண்விழியாக் குஞ்சு ஆகியவற்றின் படங்களை ஏற்க மறுக்கட்டும். ஆண்டு மலர்களும் சஞ்சிகைகளும் அவற்றை அச்சிடாதிருக்கட்டும். பரிசும் புகழும் இல்லையெனின் வெயிலில் நின்று கூடு தேடுவோர் தொகை தானே குறையும். கமராவை விரும்புவோர்க்கு வாவியின் விடியலும், அறுவடை வயலில் இறங்கும் கொக்குக் கூட்டமும், நீர்மேல் நடக்கும் இலைக்கோழியும் போதாவா?

2007ஆம் ஆண்டில் படுவான்கரை மக்கள் குடும்பம் குடும்பமாக வாவியைக் கடந்து இடம்பெயர்ந்தனர். அடுப்பில் ஏற்றிய உலையை அப்படியே விட்டு எழுந்தோடுவது எத்தகையது என்பதை அம்மண் அறியும். திரும்பி வந்தபோது வீடு எந்நிலையில் இருந்தது என்பதையும் அறியும். ஓடியவர்களின் முகத்தை அருகே நின்று படமெடுத்தவர்களை அவர்கள் நன்றியோடு நினைப்பார்களா என்பதை அவர்களிடமே கேட்கலாம். குருவிக்கு அந்த வினாவுக்கு விடை சொல்லும் மொழியில்லை. எழுந்து பறந்து, தொலைவில் ஒரு கிளையில் அமர்ந்து, அந்நியர் போகும்வரை காத்திருத்தலே அதன் விடை. அதனைப் புரிந்துகொண்டு விலகிச் செல்வோரே பறவையை நேசிப்போர் ஆவர்.