வலி வருமுன் மாத்திரை!

பாம்பன் கடற்கரை. இரவு மணி இரண்டு. ஆண்கள் கடலுக்குப் போய்விட்டார்கள். ஒரு வீட்டில் மட்டும் விளக்கு எரிகிறது.

புற்றுநோய் கண்ட தாய் ஒருத்தி பாயில் புரண்டு கொண்டிருக்கிறாள். தலைமாட்டில் மாத்திரை இருக்கிறது. அவள் தொடவில்லை.

"ஆத்தா, ஒண்ணு போட்டுக்கயேன்" என்கிறாள் மகள்.

"இப்பவே தின்னுப்புட்டா, வலி முத்துறப்போ என்னடி செய்யிறது?"

ராமநாதபுரம் சீமையில் இப்படிப் பேசும் வீடுகள் பல உண்டு. மாத்திரையை மிச்சம் பிடிக்கிறார்கள். வலியோ வளர்கிறது.

கடிகாரம் பார்த்து...

புற்றுநோய் வலிக்கு மருந்து தரும் முறையை உலக சுகாதார நிறுவனம் 1986-ல் வகுத்தது. ஊசி வேண்டாம், முடிந்தவரை வாய் வழியாகவே மருந்து. வலி வந்தபின் அல்ல. மணி பார்த்து மருந்து. சிறு வலிக்குப் பாரசிட்டமால். அது போதாவிட்டால் அடுத்த படி. கடும் வலிக்கு மார்பீன்.

சாதாரண மார்பீன் மாத்திரை ஏறக்குறைய 4 மணி நேரம் வேலை செய்யும். அது தீருமுன் அடுத்ததைப் போட வேண்டும். வலி தலைதூக்கிய பிறகு போட்டால், அடக்க நேரமாகும். அதற்குள் நோயாளி துடித்துப் போவார். நடுவில் திடீரென்று வலி கிளம்பினால் போட்டுக்கொள்ளத் தனி அளவும் டாக்டர் எழுதித் தருவார்.

அளவை டாக்டர்தான் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். ஆனால் வலியை அறிந்தவர் நோயாளி ஒருவரே! எத்தனை மணிக்கு வலித்தது, பத்துக்கு எத்தனை மதிப்பு, மாத்திரை போட்டபின் எத்தனை என்று ஒரு நோட்டில் குறித்து வைத்தால் டாக்டருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை. கச்சான் எப்போது எழும், வாடை எப்போது திரும்பும் என்று கணக்கு வைத்திருக்கும் கடலோர மக்களுக்கு இது பெரிய காரியமா?

போதைப் பழக்கம் வருமா?

மார்பீன் என்றதும் வீட்டார் பயப்படுகிறார்கள். வலிக்காக டாக்டர் அளந்து கொடுத்து, அதன்படி சாப்பிடும் புற்றுநோயாளி போதைக்கு அடிமையாவது அபூர்வம். "மார்பீன் கொடுத்தால் சாவு நெருங்கிவிட்டது" என்பதும் வீண் பேச்சு. பல மாதங்கள் அதைச் சாப்பிட்டுக்கொண்டே சமையல் செய்கிறவர்கள் உண்டு.

தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. மலச்சிக்கல்! மார்பீன் சாப்பிடும் பெரும்பாலோருக்கு இது வரும், தானாகப் போகாது. முதல் நாளிலிருந்தே மலமிளக்கியும் சேர்த்துச் சாப்பிட வேண்டும். வெட்கப்பட்டு இதைச் சொல்லாமல், நல்ல மருந்தையே நிறுத்தி விடுகிறவர்கள் இருக்கிறார்கள். குமட்டலும் தூக்கக் கலக்கமும் சில நாட்களில் குறையும். திடீரென்று மருந்தை நிறுத்தக் கூடாது. பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைக்க வேண்டும்.

விளைவது இங்கே!

மார்பீன் அபினியிலிருந்து கிடைக்கிறது. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேச வயல்களில் அரசு அனுமதியுடன் அபினிச் செடி பயிராகிறது. அப்படியிருந்தும் நம் நோயாளிகளுக்கு மார்பீன் எட்டாக் கனியாகவே இருந்து வந்தது. 1985-ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தால் ஆஸ்பத்திரிகள் பல லைசென்சுகளுக்கு அலைந்தன. 2014-ல் சட்டம் திருத்தப்பட்டது. ஒரே அனுமதி போதும் என்று ஆயிற்று. கேரளத்தில் மட்டும் 1993-லேயே கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் அவருடைய தோழர்களும் வலி தணிக்கும் சங்கம் தொடங்கிவிட்டார்கள். பிறகு அங்கே அக்கம்பக்கத்தாரே பயிற்சி பெற்று நோயாளி வீட்டுக்குப் போகலானார்கள்.

தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சையும் உண்டு. நர்ஸ் வீட்டுக்கே வருவார். 2022-ல் ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது.

ஆனாலும் மார்பீன் எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்காது. அனுமதி பெற்ற இடங்களில்தான் கிடைக்கும். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் 55 கிலோமீட்டர். மதுரை 170. பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் நின்ற ரயில் 2025 ஏப்ரலில்தான் மறுபடி ஓடியது. அதுவரை தீவிலிருந்து நோயாளிகள் பஸ்ஸில்தான் குலுங்கிப் போனார்கள்.

ஆகவே தீவில் இருக்கிறவர்கள், கையில் ஒரு வாரத்து மாத்திரை இருக்கும்போதே அடுத்த சீட்டுக்குப் புறப்பட வேண்டும். பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிய பிறகு மாத்திரையை எண்ணிப் பார்த்து என்ன பயன்?