மழைத்துளியைச் சோதித்தவரும் மண்ணைச் சோதிக்காதவர்களும்

புத்தளம் பகுதியிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மகள் க.பொ.த. சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு பெற்றிருக்கிறாள். உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவில் சேர வேண்டும் என்பது பிள்ளையின் ஆசை. தாய்க்கு மனம் ஒப்பவில்லை. "விஞ்ஞானம் சொல்கிறது என்று சொல்லித்தானே 2020இல் எங்கள் ஜனாஸாக்களை எரித்தார்கள்? எனது மாமியின் ஜனாஸாவும் அவற்றில் ஒன்று. அந்தப் படிப்பு என் பிள்ளைக்கு எதற்கு?" என்று கேட்கிறார்.

இந்தக் கேள்வியை ஒரு வரியில் தட்டிக் கழிக்க முடியாது. நொந்த மனதோடு கேட்கப்பட்ட கேள்வி. அன்று காட்டப்பட்ட காரணம் விஞ்ஞானம்தானா என்று பார்க்க வேண்டுமானால், விஞ்ஞானிகள் என்ன வேலை செய்கிறார்கள் என்பதை முதலில் பார்க்க வேண்டும். எந்தத் துறையானாலும் அவர்களுடைய வேலையில் இரண்டு பாகங்கள் உண்டு. கைக்கு எட்டாத ஒன்றுக்குப் பதிலாகக் கைக்கு எட்டும் ஒரு மாதிரியை அமைத்துக்கொள்வது ஒரு பாகம். அந்த மாதிரி கண்ணாடியாலும் இருக்கலாம், சீமெந்தாலும் இருக்கலாம், வெறும் கணக்காகவும் இருக்கலாம். அந்த மாதிரி சொல்வது மெய்தானா என்று அளந்து பார்ப்பது மற்றப் பாகம். முதலாவது இருந்து இரண்டாவது இல்லாவிட்டால் அங்கே இருப்பது ஊகம் மட்டுமே.

இதை விளங்கிக்கொள்ள எழுநூறு வருடங்களுக்கு முந்திய ஒரு பரிசோதனை நல்ல உதாரணம். பாரசீகத்தின் தப்ரேஸ் நகரில் குத்புத்தீன் அஷ்ஷீராஸி என்ற பேரறிஞரிடம் கல்வி கற்றவர் கமாலுத்தீன் அல்பாரிஸி. 1267இல் பிறந்து 1319 அளவில் மறைந்தவர். ஒளியைப் பற்றி அவருக்கிருந்த தாகத்தைக் கண்ட ஆசிரியர், இப்னுல் ஹைதம் எழுதிய 'கிதாபுல் மனாழிர்' என்ற நூலைத் தூர தேசத்திலிருந்து வரவழைத்துக் கொடுத்தார். அதற்கு அல்பாரிஸி எழுதிய விரிவுரைதான் 'தன்கீஹுல் மனாழிர்'.

வானவில் எப்படித் தோன்றுகிறது என்பது அன்று தீராத வினாவாக இருந்தது. முழு மேகமும் ஒரு குழிவாடியைப் போல நின்று சூரிய ஒளியைத் தெறிக்கச் செய்கிறது என்பது இப்னுல் ஹைதமின் கருத்து. அல்பாரிஸிக்கு அது திருப்தி தரவில்லை. ஒவ்வொரு மழைத்துளிக்குள்ளும் ஒளி என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும் என நினைத்தார். ஆனால் விழுந்துகொண்டிருக்கும் துளிக்குள் யாரால் எட்டிப் பார்க்க முடியும்? அவர் மெல்லிய கண்ணாடியாலான ஓர் உருண்டைக் குடுவையில் நீரை நிரப்பினார். இதுதான் எனது மழைத்துளி என்றார்.

குடுவையை இருட்டறையில் வைத்து, ஒரு துவாரத்தின் வழியே சூரிய ஒளியை அதன்மீது விழச் செய்தார். துவாரத்தின் அளவைக் கூட்டியும் குறைத்தும், உருண்டையின் ஒவ்வொரு பகுதியாக மறைத்தும் பார்த்தார். ஒளி நீருக்குள் நுழையும்போது ஒரு தடவை முறிகிறது. பின்புறச் சுவரில் பட்டுத் தெறிக்கிறது. வெளியேறும்போது மறுபடியும் முறிகிறது. இதுவே பிரதான வானவில். சில வேளைகளில் அதற்கு மேலே மங்கலாகத் தெரியும் இரண்டாவது வில்லுக்கு உள்ளே இரண்டு தெறிப்புகள் நிகழ்கின்றன. அவர் கண்ட இந்தப் பாதை இன்றும் எமது பாடநூல்களில் மாறாமல் இருக்கிறது. அதே காலப்பகுதியில் ஜெர்மனியில் தியோடோரிக் என்ற பாதிரியாரும் இவரை அறியாமலே இதே முடிவுக்கு வந்தார் என்பது ஓர் ஆச்சரியம்.

குடுவை ஒருபோதும் துளியாகிவிடாது. துளிக்குக் கண்ணாடித் தோல் கிடையாது. குடுவையோ துளியைவிடப் பன்மடங்கு பெரியது. அல்பாரிஸி இதை மறைக்கவில்லை. கண்ணாடியும் ஒளியை முறிக்குமே என்ற ஆட்சேபத்தைத் தானே எழுப்பி, அது மெல்லியதாக இருப்பதால் அதன் பாதிப்பைக் கணக்கிலெடுக்க வேண்டியதில்லை என்று காரணமும் காட்டினார். தன் மாதிரிக்கும் உண்மைப் பொருளுக்கும் இடையிலுள்ள பேதத்தை ஒருவர் தானாகவே முன்வந்து சொல்கிறாரா என்பதைக் கவனியுங்கள். ஆய்வாளரை அடையாளங்காண எனக்குத் தெரிந்த முதல் அடையாளம் அது. வில்லின் நிறங்களுக்கு அவர் கொடுத்த விளக்கம் நிலைக்கவில்லை. அதற்கு நியூட்டன் வரவேண்டியிருந்தது. அதனால் அவருடைய மதிப்புக் குறைந்துவிடவில்லை.

தான் பெரிதும் மதித்த இப்னுல் ஹைதமின் கருத்தையே அல்பாரிஸி திருத்தினார். ஆனால் திருத்துவதற்கான வழியையும் அவரிடமிருந்துதான் பெற்றார். பரிசோதனைக்கு இப்னுல் ஹைதம் பயன்படுத்திய சொல் 'இஃதிபார்'. ஒன்றைக் கண்டு படிப்பினை பெறுவதற்கும் அரபியில் அதே சொல்தான். அந்தப் படிப்பினை அவருடைய வாழ்விலும் நடந்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். நைல் நதியின் வெள்ளத்தைக் கட்டுப்படுத்தலாம் என்று தூரத்திலிருந்து கணக்குப் போட்டவர், கலீபா அல்ஹாகிமின் அழைப்பில் எகிப்துக்கு வந்து அஸ்வான் பக்கம் போய் நதியை நேரில் பார்த்ததும், தன் திட்டம் நடவாது என்று கண்டுகொண்டாராம். கலீபாவின் கோபத்துக்குப் பயந்து பைத்தியம் போல் நடித்தார் என்றும் அந்த வரலாறு சொல்கிறது. நதியிடம் தோற்றதை ஒப்புக்கொள்வது எளிது. ஆட்சியாளரிடம் ஒப்புக்கொள்வதுதான் கஷ்டம்.

இத்தகைய கனவொன்றை எமது காலத்துப் பொறியியலாளர்கள் வேறுவிதமாகச் சோதித்தார்கள். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ குடாவுக்குக் குறுக்கே அணைகள் கட்டி அதை நன்னீர் ஏரியாக்கலாம் என்று ஜோன் ரீபர் என்பவர் ஒரு திட்டம் வைத்திருந்தார். அந்நாட்டு இராணுவப் பொறியியல் பிரிவு 1957இல் முழுக் குடாவையும் சீமெந்தில் மாதிரியாகக் கட்டியது. நீளமும் அகலமும் ஆயிரத்தில் ஒரு பங்கு, ஆழம் நூற்றில் ஒரு பங்கு. அளவுத்திட்டம் இப்படிக் கோணலாக இருந்தால் நீர் இயற்கையாக ஓடாதே! அதைச் சரிக்கட்டுவதற்காக அடியிலே இரண்டரை இலட்சம் செப்புத் தகடுகளைப் பதித்து, குடாவில் உண்மையில் அளந்த வற்றுப்பெருக்கோடும் உப்புத்தன்மையோடும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அணைத்திட்டம் பலிக்காது என்பது தெரிந்தது. குடா தப்பியது.

பொருளியலில் இவ்வாறு செய்வது கடினம். ஒரு நாட்டை ஆய்வுகூடத்துக்குள் கொண்டுவர முடியாதல்லவா? நியூசிலாந்தைச் சேர்ந்த பில் பிலிப்ஸ் 1949இல் லண்டனில் ஓர் இயந்திரத்தைச் செய்தார். பணம் என்பதற்குப் பதிலாக அதில் நிறமூட்டிய நீர் ஓடும். வரி ஒரு குழாய், சேமிப்பு ஒரு தொட்டி, இறக்குமதி இன்னொரு குழாய். ஒரு வால்வைத் திருப்பினால் வருமானத் தொட்டியின் மட்டம் ஏறி இறங்கும். மாணவர்களுக்கு விளங்கவைக்க அருமையான சாதனம். ஆனால் வரிசையில் நின்று களைத்த மனிதர்களின் மனநிலைக்கு அதில் குழாய் கிடையாது. 2022இல் எரிவாயு சிலிண்டரோடு இரவிரவாக வரிசையில் நின்ற எமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி சகோதரியின் கேள்விக்கு வருவோம்.

2020இல் முன்வைக்கப்பட்டதும் ஒரு மாதிரிதான். கொவிட் தொற்றால் மரணித்தவரின் உடலிலிருந்து திரவம் கசியும்; அதில் வைரஸ் இருக்கும்; அது மண்ணைக் கடந்து நிலக்கீழ் நீரை அடையும்; அங்கிருந்து கிணற்றுக்கு வரும்; குடிப்பவருக்குத் தொற்றும். ஐந்து கண்ணிகள் கொண்ட ஒரு சங்கிலி. கிணற்றையும் கப்றையும் சேர்த்து யோசிப்பது புத்தி கெட்ட வேலை என்று நான் சொல்லமாட்டேன். கற்பிட்டியின் மணல் நிலத்தில் தோட்டத்துக்கு இட்ட பசளை கிணற்று நீரில் நைத்திரேற்றாக வந்து சேர்வதை ஆய்வாளர்கள் அளந்தே காட்டியிருக்கிறார்கள். ஆகவே கேள்வி எழுவது நியாயம். அன்றைய பயத்தில் சில வாரங்கள் எச்சரிக்கையாக இருந்ததையும் ஏற்கலாம். ஆனால் ஐந்து கண்ணிகளில் ஒவ்வொன்றும் அளக்கக்கூடியது. ஒரு குழாயில் மண்ணை நிரப்பி மேலே வைரஸ் கலந்த நீரை ஊற்றி, கீழே வடிவதைச் சோதிப்பது மண்ணியலில் பழக்கமான பரிசோதனை. கசப்பான உண்மை என்னவென்றால், 2020 ஏப்ரல் 11ஆம் திகதி தகனத்தைக் கட்டாயமாக்கும் வர்த்தமானி முதலில் வந்தது. அளவீடு அதற்கு முன் வரவில்லை.

மாதிரியை நேர்மையாகக் கையாள்பவர் அதை எல்லா இடத்துக்கும் பொருத்திப் பார்ப்பார். வைரஸ் உயிருள்ள கலத்துக்குள்தான் பெருகும். இறந்த உடலில் அது பெருகாது. உயிரோடிருந்த நோயாளிகளின் மலசலத்திலோ வைரஸின் கூறுகள் வெளியேறிக்கொண்டிருந்தன. அவை வைத்தியசாலைகளின் கழிவுநீரிலும் வீட்டு மலசலகூடக் குழிகளிலும் தினமும் சேர்ந்தன. நிலக்கீழ் நீர்தான் கவலையென்றால் முதலில் பயப்பட வேண்டியது அவற்றுக்கு. அவற்றைப் பற்றி அதே வேகத்தில் எந்தத் தடையும் வரவில்லை. ஒரு விதி கப்றுக்கு மட்டும் பொருந்தி மலக்குழிக்குப் பொருந்தாமல் போனால், அதை விதி என்று எந்தப் பாடசாலை ஆசிரியரும் ஒப்புக்கொள்ளமாட்டார்.

உலகமே ஒரு பரிசோதனைச்சாலையாக இருந்ததையும் பார்க்கத் தவறினார்கள். உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 24ஆம் திகதி வெளியிட்ட வழிகாட்டலில் அடக்கம் செய்யவும் தகனம் செய்யவும் இடமிருந்தது. நாடு நாடாக அடக்கம் நடந்தது. கப்றிலிருந்து கிணறு வழியாக நோய் பரவியதாக எங்கும் காணப்படவில்லை. இங்கோ உயர் நீதிமன்றம் 2020 டிசம்பர் 1ஆம் திகதி மனுக்களைத் தள்ளுபடி செய்தது. அதே மாதம் பிறந்து இருபது நாளேயான ஒரு சிசுவும் எரிக்கப்பட்டது. பொரளை மயானத்தின் கம்பிகளில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். கட்டியவர்களில் எல்லாச் சமூகத்தவரும் இருந்தார்கள்.

சகோதரி ஒன்றைக் கவனிக்க வேண்டும். அப்போது அடக்கம் செய்யலாம் என்று எழுத்தில் சொன்னவர்களும் விஞ்ஞானிகளே. இலங்கை மருத்துவச் சங்கமும் சமுதாய மருத்துவர்களின் கல்லூரியும் அவ்வாறே கூறின. அவர்களில் பெரும்பாலானோர் எமது மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். 2021 பெப்ரவரியில் வர்த்தமானி திருத்தப்பட்டது. மார்ச் 5ஆம் திகதி ஓட்டமாவடி மஜ்மா நகரில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. வேறு இடங்களிலும் அடக்கம் செய்ய 2022 மார்ச்சில்தான் வழி பிறந்தது. 2021இல் எமது நாட்டின் ஆறுகளிலும் நீர் மூலங்களிலும் நடத்தப்பட்ட ஆய்வும், 2024 மார்ச்சில் வந்த மற்றோர் ஆய்வும், பாதுகாப்பான அடக்கத்தால் வைரஸ் பரவவில்லை என்ற முடிவைத் தந்தன. அதை ஆதாரமாகக் காட்டித்தான் 2024 ஜூலையில் அமைச்சரவை, பாதிக்கப்பட்ட சமூகங்களிடம் மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. நீரை அளந்து பார்த்தவர்கள் சொன்னது அது. மன்னிப்பால் உங்கள் மாமியின் ஜனாஸா திரும்பிவராது. அதை நான் அறிவேன். அல்லாஹ் அவருக்கு உயர்ந்த சுவனத்தைக் கொடுப்பானாக.

மகளின் விடயத்தில் எனது அபிப்பிராயம் அவளைத் தடுக்க வேண்டாம் என்பதே. அந்த ஐந்து கண்ணிகளை மேசையில் வைத்து, "இவற்றில் எதை அளந்தீர்கள்?" என்று கேட்கத் தெரிந்த ஒருவர் அந்தக் கூட்டங்களில் இன்னும் கொஞ்சம் உரத்துப் பேசியிருந்தால் என்று நான் பல தடவை நினைத்ததுண்டு.

பாடசாலை திறப்பதற்கு முன் அவள் வீட்டிலேயே ஒன்றைச் செய்து பார்க்கட்டும். உருண்டை வடிவமான கண்ணாடிக் குடுவையொன்றில் நீரை நிரப்ப வேண்டும். ஒரு பெரிய வெள்ளை மட்டையின் நடுவில் குடுவையின் அளவுக்கு வட்டமாக வெட்டி எடுக்க வேண்டும். காலையில் சூரியன் தாழ்ந்திருக்கும்போது அறையை இருட்டாக்கி, ஒளி அந்த ஓட்டையால் மட்டும் வரும்படி மட்டையை ஜன்னலில் நிறுத்தி, குடுவையை அதற்கு நேரே ஓர் அடி தள்ளி வைக்க வேண்டும். குடுவையைப் பார்த்திருக்கும் மட்டையின் பக்கத்தில், ஓட்டையைச் சுற்றி ஒரு நிற வளையம் விழும். வெளிப்புறம் சிவப்பாக இருக்கும். வளையத்தின் ஆரையையும் மட்டைக்கும் குடுவைக்கும் இடையிலான தூரத்தையும் அடிமட்டத்தால் அளந்து எழுதி அனுப்பச் சொல்லுங்கள். வானவில்லின் கோணம் ஏறத்தாழ 42 பாகை என்கிறார்கள். அவளுக்கு எத்தனை வருகிறது என்று அடுத்த இதழில் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.