புதைத்த மொழியில் ஒரு தேர்வு

இந்த வாரம் முழுக்கக் கோபமாக இருக்கிறேன். ஒரு பயிற்சிக் கடிதத்தின் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்த இரண்டு சொற்கள்தான் காரணம். ‘சமையலறை ஸ்பானிஷ்.’

எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணை இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். புயலில் பெக்கான் மரக்கிளை முறிந்து எங்கள் வேலியில் விழுந்த அன்று ரம்பத்தோடு முதல் ஆளாக வந்து நின்றவர். இங்கே சான் ஆன்டோனியோவில் ஒரு பள்ளியில் வகுப்பறை உதவியாளராக இருக்கிறார். பாட்டியிடம் ஸ்பானிஷ் பேசி வளர்ந்தவர். உதவியாளராகவே ஓய்வு பெற அவருக்கு விருப்பமில்லை. ஸ்பானிஷ் ஆசிரியராக வேண்டும். அதற்கு டெக்சஸ் மாநிலத்தின் சான்றிதழ்த் தேர்வில் தேற வேண்டும். அவர் படிக்கிறார், நான் நேரம் பார்க்கிறேன். எங்கள் சனிக்கிழமைகள் இப்போது இப்படித்தான் போகின்றன.

ஸ்பானிஷ் பேசத் தெரிந்தவருக்கு ஸ்பானிஷ் தேர்வில் என்ன கஷ்டம் என்று என்னிடம் பலர் கேட்டுவிட்டார்கள். அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என்ற நான்கோடு, ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் பண்பாடும் மொழியைக் கற்பிக்கும் முறையும் அந்தத் தேர்வில் உண்டு. மதிப்பெண் 100-இல் தொடங்கி 300 வரை போகும். 240 எடுத்தால் தேர்ச்சி. முதல் முறையையும் சேர்த்து மொத்தம் ஐந்து முறை எழுதலாம். ஐந்தாவதிலும் தவறினால், சிறப்பு அனுமதி கிடைத்தால் ஒழிய மறுபடி உட்கார முடியாது.

பேச்சுப் பகுதியில் எதிரே மனிதர் கிடையாது. ஹெட்செட்டில் ஒரு குரல் கேள்வி கேட்கும், நேரம் ஓடும், கணினியிடம் பேசி முடிக்க வேண்டும். வீட்டில் அந்தக் குரலாக நான் இருக்கிறேன். தாளைப் பார்த்து, பள்ளி முதல்வர் கேட்பதுபோல் ஒரு கேள்வி படிப்பேன். அவர் பதில் சொல்லும்போது கேட்க வேண்டும். தயக்கமே இல்லை. பாட்டியை ‘உஸ்தெத்’ என்று மரியாதையோடு அழைத்து வளர்ந்தவருக்கு முதல்வரிடம் எப்படிப் பேசுவது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோபித்துக்கொண்டு வந்த பெற்றோரைச் சமாதானப்படுத்த வேண்டிய கேள்விக்கு அவர் சொன்ன பதிலைக் கேட்டபோது, என் பிள்ளைகளுக்கு இப்படி ஓர் ஆசிரியர் வாய்த்திருக்கக் கூடாதா என்று தோன்றியது.

எழுத்தில்தான் சிக்கல். ‘ஆப்லோ’ என்பதை முதல் அசையில் அழுத்திச் சொன்னால் ‘நான் பேசுகிறேன்’. கடைசி அசையில் அழுத்தினால் ‘அவர் பேசினார்’. ஏட்டில் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவது கடைசி எழுத்தின் தலையில் விழும் ஒரு சின்னச் சாய்கோடு. பேச்சில் அவர் இதை ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை. காகிதத்தில் அந்தக் கோடு விட்டுப்போகிறது. ஒரு பக்கக் கடிதத்தில் பாதிக்குமேல் கோடுகள் இல்லை. இருக்கிற சில, தேவையில்லாத இடத்தில் இருக்கின்றன. மற்றபடி வாக்கியங்கள் உயிரோடு இருக்கின்றன, வாதம் தெளிவாக இருக்கிறது.

அந்தக் கடிதத்தைத்தான் அவர் கட்டணம் கட்டிப் படிக்கும் பயிற்சியாளர் ஒருவருக்கு அனுப்பியிருந்தார். விட்டுப்போன கோடுகளைப் பயிற்சியாளர் வட்டமிட்டிருந்தது நியாயம். டெக்சஸில் மட்டும் வழங்கும் சில சொற்களை அடித்து, எல்லா நாட்டினருக்கும் புரிகிற சொல்லை மேலே எழுதியிருந்தார். முதல்வருக்கு எழுதும் கடிதம் என்பதால் அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆசிரியருக்கு இரண்டு வழக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் கடைசியில் அந்த இரண்டு சொற்கள்! படித்துக் காட்டும்போது பக்கத்து வீட்டுக்காரரின் குரல் இறங்கிவிட்டது. “அவர் சொல்றது சரிதானே?” என்று என்னைக் கேட்டார்.

சரியில்லை. இந்த மொழியைச் சமையலறைக்குள் விரட்டியது யார்?

1918-இல் டெக்சஸ் ஒரு சட்டம் கொண்டுவந்தது. பள்ளியில் ஆங்கிலம் அல்லாத மொழியில் பாடம் நடத்துவது தண்டனைக்குரிய குற்றம். முதல் உலகப் போர்க் காலம். ஜெர்மன் மொழி மேல்தான் அப்போது ஆத்திரம். அடி விழுந்தது என்னவோ ஸ்பானிஷ் பேசிய பிள்ளைகளுக்கு. அந்தச் சட்டம் 1969-இல்தான் போனது. இடைப்பட்ட அரை நூற்றாண்டில் இடைவேளையில் ஸ்பானிஷ் பேசினால் மட்டை அடி, அபராதம், பள்ளி விட்டதும் தனியே உட்காரவைப்பது என்று தென் டெக்சஸில் ஒரு தலைமுறைக்கே நினைவு இருக்கிறது. எங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் பாட்டியும் அந்தத் தலைமுறை. ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் பருத்தி பறித்த குடும்பம். அடி வாங்கிய பாட்டி, தன் மகள் அடி வாங்கக் கூடாது என்று அவளுக்கு எழுத்தே காட்டவில்லை. மகளிடமிருந்து பேத்திக்குப் பேச்சு வந்தது, எழுத்து வரவில்லை.

மேற்கு டெக்சஸின் மார்ஃபா ஊரில் பிளாக்வெல் பள்ளி என்று ஒன்று இருக்கிறது. 1909-இல் சுடாத செங்கல்லில் கட்டியது, மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளுக்கு மட்டும். அவர்களைத் தனிப் பள்ளியில் வை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஊர் வழக்கமே போதுமானதாக இருந்தது. 1954-இல் அங்கே ஒரு சவ அடக்கம் நடந்தது. பிள்ளைகளைத் துண்டுச் சீட்டுகளில் எழுதச் சொன்னார்கள். சீட்டுகளை ஒரு பெட்டியில் போட்டு, கொடிமரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தார்கள். புதைக்கப்பட்டவர் பெயர் ‘மிஸ்டர் ஸ்பானிஷ்’. செய்வித்தவர்கள் ஆசிரியர்கள். இதை முதலில் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்தப் பள்ளி 1965-இல் மூடப்பட்டது. கட்டடம் கைவிட்டுப் போகாமல் காத்தவர்கள் அங்கே படித்தவர்களே. 2007-இல் ஒன்றுகூடி, புதைத்ததைத் தோண்டி எடுக்கும் சடங்கு ஒன்றை நடத்தினார்கள். மண்ணுக்குள்ளிருந்து ஒரு ஸ்பானிஷ் அகராதியை வெளியே எடுத்தார்கள். 2022-இல் கையெழுத்தான சட்டத்தின்படி அந்தப் பள்ளி இப்போது தேசிய வரலாற்றுத் தலம்.

1928-இல் இதே மாநிலத்தில் கோட்டுல்லா என்ற சின்ன ஊரின் மெக்சிகப் பிள்ளைகளின் பள்ளிக்கு இளம் ஆசிரியர் ஒருவர் வந்தார். வளாகத்தில் ஆங்கிலம் மட்டும் என்ற விதியை அவரும் கண்டிப்பாகவே நடத்தினார். பெயர் லிண்டன் ஜான்சன். நாற்பது ஆண்டு கழித்து, 1968-இல், குடியரசுத் தலைவராக இருமொழிக் கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டவரும் அவரே. அதே ஆண்டு நவம்பரில் எட்கௌச்-எல்சா உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் வகுப்பைவிட்டு வெளியேறினார்கள். ஸ்பானிஷ் பேசினால் தண்டிக்கக் கூடாது என்பது அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. பள்ளி வயதுப் பிள்ளைகள். தலைவர் கையெழுத்தைவிட அந்தப் பிள்ளைகளின் வெளிநடப்பையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

இனி, அதே பள்ளத்தாக்கில் வளர்ந்த எழுத்தாளர் குளோரியா அன்சால்துவாவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அவர் எழுதிய ‘பார்டர்லேண்ட்ஸ்’ புத்தகத்தை இந்தப் பத்தியில் முன்பும் சொல்லியிருக்கிறேன், இன்னும் சொல்வேன். 1987-இல் வந்த புத்தகம். முதல் பாதி கட்டுரை, இரண்டாம் பாதி கவிதை. ஆங்கிலத்தில் போய்க்கொண்டிருக்கும் பத்தி முன்னறிவிப்பில்லாமல் ஸ்பானிஷுக்குத் தாவும். அதில் நாக்கைப் பற்றி ஓர் அத்தியாயம். பல் மருத்துவரின் நாற்காலியில் தொடங்குகிறது. அவர் வைக்கும் பஞ்சை நாக்கு தள்ளிக்கொண்டே இருக்கிறது. மருத்துவருக்குப் பொறுமை போகிறது. அங்கிருந்து நேராகப் பள்ளிக்கூடம். இடைவேளையில் ஸ்பானிஷ் பேசியதற்காக விரல் முட்டியில் அளவுகோலால் மூன்று அடி. தன் பெயரை எப்படி உச்சரிப்பது என்று ஆசிரியரிடம் சொல்லப்போனதற்கு மூலையில் நிற்கவைத்தார்கள்.

கல்லூரியிலும் விடவில்லை. அவர் படித்த பான் அமெரிக்கன் பல்கலைக்கழகத்தில் மெக்சிக அமெரிக்க மாணவர்கள் இரண்டு பேச்சு வகுப்புகளைக் கட்டாயம் எடுக்க வேண்டும். ஆங்கிலத்திலிருந்து ஸ்பானிஷ் சாயலைப் போக்குவதற்காக. பிறகு அவர் பள்ளியில் ஆங்கில ஆசிரியரானார். தன் மக்கள் எழுதியவற்றையும் பாடத்தில் சேர்த்தபோது முதல்வர் கண்டித்துத் தடுத்தார். ஆசிரியரே மாணவரின் நிலையில் நின்ற அந்த இடத்தை நான் ஒவ்வொரு முறையும் நிறுத்திப் படிக்கிறேன்.

அந்த அத்தியாயத்தில் என்னை அதிகம் உலுக்குவது அடி பற்றிய பகுதி அல்ல. அடி ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வரவில்லை என்று அவர் காட்டுகிற பகுதி. ஆங்கிலப் பள்ளி ஸ்பானிஷ் பேசாதே என்கிறது. ஸ்பானிஷ் பேசும் பிறர், நீ பேசுவது ஸ்பானிஷே இல்லை, மொழியைக் கெடுக்கிறாய் என்கிறார்கள். வீட்டில் அம்மாவுக்கோ மகளின் ஆங்கிலத்தில் மெக்சிகச் சாயல் தெரிகிறதே என்ற கவலை. தான் பேசும் மொழிகள் என்று அவர் எட்டு வகையை வரிசைப்படுத்துகிறார். பொது ஆங்கிலத்திலிருந்து எல்லைப்புறத்து இளைஞர்களின் ரகசியப் பேச்சுவரை. எட்டையும் ஆளத் தெரிந்த ஒருத்தியைப் பார்த்து, உனக்கு ஒன்றும் சரியாக வராது என்றார்கள். சிவப்பு மைக்காரர் சொன்னதும் அதுவேதான். ஏறக்குறைய நாற்பது ஆண்டுக்கு முன்பே அச்சில் பதில் சொல்லப்பட்ட வசவு.

தேர்வே கூடாது என்று நான் சொல்லவில்லை. சாய்கோடு தெரியாதவர் பிள்ளைகளுக்குச் சாய்கோடு சொல்லித்தர முடியாது. ஆனால் இந்த மாநிலத்துக்கு இந்தப் பெண் தேவை. ஒரே மொழி பேசும், ஆங்கிலம் கற்றுவருகிற பிள்ளைகள் ஒரு மாவட்டத்தில் ஒரே வகுப்பு நிலையில் 20 பேர் இருந்தால் இருமொழி வகுப்பு நடத்தியே ஆக வேண்டும் என்பது டெக்சஸ் சட்டம். ஆசிரியர் போதவில்லை என்று கடல்கடந்து ஸ்பெயினிலிருந்து வரவழைக்கிறார்கள். வரட்டும், நல்ல ஆசிரியர்கள். ஆனால் இங்கேயே பிறந்து, அந்தப் பிள்ளைகளின் பாட்டிமார் பேசும் மொழியையே பேசுகிற உதவியாளர்கள் எத்தனையோ பள்ளிகளில் நகல் எடுத்துக்கொண்டும் வரிசை பார்த்துக்கொண்டும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது எழுத்துப் பயிற்சி. அந்தப் பயிற்சியைப் பறித்தது மாநிலம், ஆகவே அந்தச் செலவும் மாநிலத்தின் கணக்கில்தான் விழ வேண்டும். தேர்வுக்கு முன் ஒரு வருடம், வேலை நேரத்திலேயே, சம்பளத்தோடு.

வீட்டில் பேசி வளர்ந்தவர்களுக்குக் கற்பிப்பது தனிக்கலை என்பதை ஸ்டான்ஃபோர்டின் குவாதலூபே வல்தேஸ் போன்றவர்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். அப்படி வளர்ந்தவர்களை ஒன்றாம் பாடத்தில் வணக்கம் சொல்லப் பழக்கக் கூடாது; கையிலிருப்பதை அழிக்கவும் கூடாது; இருப்பதன் மேல் கட்ட வேண்டும். எங்கள் வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்கு வரும் பிள்ளைகளை வைத்து எனக்கும் இது தெரியும். பாட்டியோடு மணிக்கணக்கில் பேசுகிற பிள்ளைக்கு ‘இது மரம்’ என்று தொடங்கினால் அது ஜன்னலைத்தான் பார்க்கும்.

ஒரு மாற்றத்தையும் சொல்ல வேண்டும். அன்சால்துவாவின் நாக்கைத் திருத்த வகுப்பு வைத்த கல்லூரி இன்று ரியோ கிராண்டே பள்ளத்தாக்கு டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதி. 2015-இல் திறந்த அந்தப் பல்கலைக்கழகம் இரு மொழியிலும் கற்பிக்கும் நிறுவனமாக வளர விரும்புவதாக வெளிப்படையாகவே சொல்கிறது. அவருடைய கையெழுத்துப் பிரதிகள் ஆஸ்டினில் பல்கலைக்கழக நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. அவர் 2004-இல் காலமாகி, பிறந்து வளர்ந்த பள்ளத்தாக்கிலேயே, ஹார்கில் கிராமத்தில் அடக்கமானார்.

புத்தகத்தைப் பக்கத்து வீட்டில் கொடுத்திருந்தேன். வியாழக்கிழமை வேலியோரம் திருப்பிக் கொடுத்தார். ஹார்கிலிலிருந்து தன் பாட்டியின் ஊர் காரில் கொஞ்ச தூரம்தானாம். பிடித்திருந்தது என்றார். ஆனால் என்னோடு ஒரு சண்டையும் போட்டார். “நீங்க எனக்காக ரொம்பக் கோபப்படறீங்க. எனக்கு அந்தக் கோடு வேணும். எங்க அம்மாவுக்குக் கிடைக்கலை, எனக்குக் கிடைக்கலை. என்கிட்ட படிக்கிற பிள்ளைக்கு ஆறாம் வகுப்பிலயே கிடைக்கணும். தேர்வு கடினமாவே இருக்கட்டும்.”

நான் வாதாடவில்லை. பயிற்சியாளரை அவர் விட்டுவிட்டார். சமுதாயக் கல்லூரியில், ஸ்பானிஷ் பேசி வளர்ந்தவர்களுக்கென்றே மாலையில் நடக்கும் எழுத்து வகுப்பில் சேர்ந்திருக்கிறார். தேர்வுத் தேதியை இன்னும் பதிவு செய்யவில்லை. வகுப்பு முடிந்த பிறகுதான் என்கிறார். இந்தச் சனிக்கிழமைக்குக் கருத்துக் கட்டுரை: பள்ளியில் கைப்பேசியைத் தடை செய்யலாமா? தடை செய்யலாம் என்பது அவர் கட்சி. மறுத்துப் பேச வேண்டியது நான்.