திரை வாங்கினீர்கள், சரி. வாத்தியார்?

ஸ்மார்ட் போர்டு மாட்டினால் வகுப்பறை நவீனமாகிவிடும் என்பது டெண்டர் விடுகிறவர்களின் நம்பிக்கை. நாமும் அதை அப்படியே ஒப்பிக்கிறோம்.

பெருவைப் பாருங்கள். 'பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி' என்று எட்டு லட்சத்துக்கும் மேல் வாங்கிக் குவித்தது அந்நாட்டு அரசு. 319 கிராமப்புறத் தொடக்கப்பள்ளிகளில் நடந்த ஆய்வின் முடிவு 2012-இல் வந்தது. பொதுவான அறிவுத்திறன் சோதனைகளில் கொஞ்சம் முன்னேற்றம். கணக்கிலும் மொழிப்பாடத்திலும் ஒன்றுமில்லை. பொட்டி வந்த வேகத்துக்கு, அதை வைத்துப் பாடம் நடத்தும் பயிற்சி ஆசிரியருக்கு வரவில்லை.

"அப்போ ஏழைப் பிள்ளைக்கு கம்ப்யூட்டர் வேண்டாமா?" என்று உடனே பாய்வார்கள். வேண்டும். 2011-இல் தமிழ்நாடு அரசு இலவச மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தபோது கிண்டலடித்தவர்கள் பலரது வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருந்தது. ஆனால் அது பிள்ளையின் சொந்தப் பொருள். பிள்ளையோடு வீட்டுக்குப் போனது. சுவரில் மாட்டிய திரையின் கதை வேறு. அதற்குக் கரண்ட் வேண்டும், நெட் வேண்டும், ரிப்பேர் பார்க்க ஆள் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அதன் முன்னால் நின்று பாடம் நடத்த ஆசிரியர் வேண்டும். ஒரே ஆள் ஐந்து வகுப்பையும் கட்டி மேய்க்கிற ஓராசிரியர் பள்ளியில் அந்தத் திரையை யார் போடுவது, யார் பார்ப்பது?

அடுத்த முறை 'இத்தனை கோடியில் ஸ்மார்ட் வகுப்பறை' என்ற செய்தியை ஷேர் செய்யும் முன் ரெண்டே கேள்வி கேளுங்கள். பராமரிப்புக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள்? ஆசிரியர் காலிப் பணியிடம் எத்தனை? பதில் இல்லையென்றால், நீங்கள் ஷேர் செய்வது வெறும் கொள்முதல் செய்தி.