குறுக்கே நிற்பவர்கள்

அமெரிக்காவில் மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ ஆறு மாதம் தங்கிவிட்டுத் திரும்புகிறவர்கள் இப்போது நம் தெருவுக்கு இரண்டு பேராவது இருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் கதைகளில் ஒன்று மட்டும் எல்லார் வாயிலும் ஒரே மாதிரி வருகிறது. “சிகாகோவிலே ஒரு பக்கம் இருக்கிறது, ஸார், அங்கே தலைகாட்டவே கூடாது என்று பையன் கண்டிப்பாய்ச் சொல்லிவிட்டான். அந்த ஜனங்களே அப்படித்தான். ஒருத்தனை ஒருத்தன் சுட்டுக்கொண்டு சாவான்.” கேட்டுக்கொண்டிருப்பவர் தலையை ஆட்டிவிட்டு, “நாலு பேரைத் தூக்கில் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்” என்று தீர்ப்பும் வழங்கிவிடுகிறார். காப்பி ஆறுவதற்குள் ஒரு நகரத்தின் வழக்கு விசாரித்து முடிந்துவிடுகிறது.

இந்தத் தீர்ப்பு அநியாயம் என்பது என் கட்சி. அதைவிட முக்கியமாக, இது உண்மைக்கு மாறானது.

முதலில் தூக்குக் கயிற்றை எடுத்துக்கொள்வோம். சிகாகோ இருக்கிற இல்லினாய் மாநிலத்தில் 2011 வரை மரண தண்டனை சட்டத்தில் இருந்தது. வெறும் ஏட்டோடு நிற்கவில்லை. 1990களில் அதை நிறைவேற்றவும் செய்தார்கள். அதே காலத்தில்தான், 1992-ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும், சிகாகோவில் 900-க்கு மேற்பட்ட கொலைகள் நடந்தன. தன் அண்ணனைச் சுட்டவனைத் தேடி ராத்திரியில் புறப்படுகிற பையன், சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டா கிளம்புகிறான்?

அடுத்தது “அந்த ஜனங்கள்.” எந்த ஜனங்கள்? 2021-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் மாண்டவர்கள் 48,000-க்கு மேல். அதில் பாதிக்கு மேல் தற்கொலைகள். அப்படித் தம்மையே சுட்டுக்கொண்டவர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்கார ஆண்கள். அவர்களைப் பார்த்து “அந்த ஜனங்களே அப்படித்தான்” என்று யாரும் சொல்லக் காணோம். ஜனத்தொகையைக் காட்டிலும் துப்பாக்கிகளின் தொகை அதிகமாயிருக்கிற தேசத்தில், பழி மட்டும் ஏழைக் கறுப்பர்களின் தெருவிலே போய் விழுகிறது.

அந்தத் தெருவிலேயே கூடச் சுடுகிறவர்கள் எத்தனை பேர்? கலிபோர்னியாவில் ரிச்மண்ட் என்று ஓர் ஊர். சுமார் லட்சம் பேர் வாழ்கிறார்கள். 2007-இல் அங்கே 47 கொலைகள். அந்த ஆண்டே நகராட்சி இதற்கென்று தனி அலுவலகம் திறந்து, டிவோன் போகன் என்பவரைத் தலைமைக்கு வைத்தது. ஊரே கொலைக்காரர்கள் ஊர் என்று பேர் வாங்கியிருந்தாலும், பெரும்பாலான குண்டுகளுக்குக் காரணம் விரல் விட்டு எண்ணக்கூடிய சில வாலிபர்கள்தான் என்று தெரிந்தது. போகன் அவர்களையே கூப்பிட்டு உட்கார வைத்தார். 2010 முதல், தினமும் அவர்களைத் தேடிப்போய்ப் பேசவும், படிப்புக்கும் வேலைக்கும் வழி காட்டவும், சொன்ன சொல்லைக் காப்பாற்றி நடந்தால் மாதம் ஆயிரம் டாலர் வரை உதவித்தொகை தரவும் ஏற்பாடு செய்தார். வெளியூர்ப் பயணத்துக்கும் அழைத்துப் போனார்கள். ஆனால் ஒரு நிபந்தனை: எதிர்க் கோஷ்டிக்காரனோடு சேர்ந்துதான் போக வேண்டும். 2014-இல் அந்த ஊரின் கொலைகள் 11.

“ரௌடிக்கு மாதச் சம்பளமா?” என்று சிலருக்கு ரத்தம் கொதிக்கும். அவனை ஜெயிலில் வைத்துச் சோறு போட்டால் அது எந்தக் கணக்கில் வரும் என்று யோசிக்க அந்தக் கொதிப்பு இடம் தருவதில்லை. செத்துப்போகாமல் தப்பிய மனிதர்களின் உயிருக்கு விலை போட்டுக் கழித்துப் பார்க்கவும் இடம் தருவதில்லை.

கதை எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் எனக்கு ஒன்று தெரியும். நாங்கள் எழுதும் கதையில் வில்லன் செத்தால் முற்றும் போட்டுவிடலாம். தெருவில் அப்படி இல்லை. அங்கே ஒருவன் விழுந்த இடத்தில்தான் அடுத்த அத்தியாயம் தொடங்குகிறது. இன்று குண்டடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடப்பவனின் கட்டிலைச் சுற்றித் தம்பியும் சிநேகிதர்களும் நிற்கிறார்கள். இன்று ராத்திரியே பதில் சொல்லிவிட வேண்டும் என்று குசுகுசுவென்று பேசுகிறார்கள். அந்த நேரத்தில் அவர்களிடம் பேசத் தகுதி உள்ளவர் யார்? போலீஸ்காரர் போனால் பேச்சு நின்றுவிடும், எண்ணம் நிற்காது. நீதிபதி வருவதற்கு வருஷம் ஆகும். உபதேசியார் வந்தால் எழுந்து நின்று கேட்டுவிட்டுப் போய்ச் சுடுவார்கள்.

ஓக்லண்ட் நகரத்தில் 1994-இல் அந்தக் கட்டிலருகே போனவர் ஷெர்மன் ஸ்பியர்ஸ். தாமே குண்டடிபட்டுச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்துவிட்டவர். பழி வாங்கினால் என்ன மிஞ்சும் என்பதற்கு அவர் வாய் திறந்து சொற்பொழிவு செய்ய வேண்டியதே இல்லை. சிகாகோவில் 2000-இல் இதையே தெருவுக்குக் கொண்டுபோனவர் காரி ஸ்லட்கின் என்ற டாக்டர். சோமாலியாவின் அகதி முகாம்களில் காசநோயோடும் காலராவோடும் போராடித் திரும்பியவர். கொலையும் தொற்றுநோய் போலத்தான் ஆளிலிருந்து ஆளுக்குப் பரவுகிறது, ஆகவே பரவுகிற வழியில் குறுக்கே ஆளை நிறுத்த வேண்டும் என்றார். நிறுத்திய ஆட்கள் யார்? ஒரு காலத்தில் அதே தெருவில் திரிந்தவர்கள், ஜெயிலில் இருந்து மீண்டவர்கள் பலர். சுடப் போகிறவனின் தாயார் பேரும் அவர்களுக்குத் தெரியும். அவன் கோபத்துக்கு மூலமும் தெரியும்.

இது எல்லா ஊரிலும் ஜெயித்ததா? இல்லை. பிட்ஸ்பர்க்கில் நடந்த இத்தகைய முயற்சியை ஆராய்ந்தவர்கள், கொலைகள் குறையவில்லை, தாக்குதல்கள் கூடத்தான் செய்தன என்று 2011-இல் எழுதினார்கள். ஆட்களைச் சரியாகத் தேர்ந்தெடுக்காத இடத்தில், கூலி நின்று நின்று வருகிற இடத்தில் இந்த வேலை தோற்கும். ஆனால் ஒன்று கேட்கிறேன்: சமாதானத்துக்கு மட்டும் வருஷா வருஷம் பரீட்சை வைக்கிறோமே, தூக்குக் கயிற்றுக்கு என்றைக்காவது பரீட்சை வைத்து மதிப்பெண் போட்டோமா?

ஆபத்து இல்லாத வேலையும் அல்ல இது. பால்டிமோரில் 2021 ஜனவரிக்கும் 2022 ஜனவரிக்கும் இடையே, இப்படிக் குறுக்கே நின்றவர்களில் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சாய்வு நாற்காலியில் இருந்து தீர்ப்புச் சொல்லும் நாம், அந்த மூவரையும் “அந்த ஜனங்கள்” என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கிவிடுகிறோம். என்னால் பொறுக்க முடியாதது இதுதான்.

சுடுவதை நிறுத்துவது பாதி வேலை. சுட்ட பிறகு மிஞ்சுகிறவர்களை வாழ வைப்பது மீதி. பாஸ்டன் நகரத்தின் டார்செஸ்டர் பகுதியில் 1993 டிசம்பரில், கோஷ்டிச் சண்டைக்கு எதிரான இளைஞர் சங்கத்தின் கிறிஸ்துமஸ் விருந்துக்குப் போய்க்கொண்டிருந்த பதினைந்து வயது லூயி பிரௌன், யாரோ யாரையோ சுட்ட குண்டுக்குப் பலியானான். அவன் தாயார் கிளெமெண்டினா ஷெரி அடுத்த ஆண்டே அவன் பேரால் ஒரு ஸ்தாபனம் தொடங்கினார். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் அடக்கத்துக்கு யாரைப் பார்ப்பது, எங்கே கையெழுத்துப் போடுவது என்பதிலிருந்து அந்த ஸ்தாபனம் கூட நிற்கிறது. கொன்றவனின் குடும்பத்துக்கும் அதன் கதவு திறந்திருக்கிறது. ஏனென்றால் அங்கேயும் ஒரு தாய் பிள்ளையை இழந்துதான் உட்கார்ந்திருக்கிறாள். இந்த வார்த்தையை எழுத எனக்குப் பேனா போதும். வாழ்ந்து காட்ட அந்த அம்மாளுக்கு எவ்வளவு வேண்டியிருந்திருக்கும்!

2022-இல் அமெரிக்கப் பார்லிமெண்ட் இம்மாதிரிப் பணிகளுக்கு ஐந்தாண்டுகளில் 25 கோடி டாலர் என்று சட்டம் செய்தது. 2025 ஏப்ரலில் அந்நாட்டு நீதித் துறை, நடந்துகொண்டிருந்த மானியங்கள் பலவற்றைப் பாதியில் வெட்டியது. குறுக்கே நின்றவர்களில் பலர் வேலையிழந்தார்கள். தெருவில் கோபம் மட்டும் வேலையிழக்கவில்லை.

“நமக்கென்ன?” என்று கேட்கலாம். அங்கே பள்ளிக்கூடம் போகிற உங்கள் பேரன், துப்பாக்கிக்காரன் வந்தால் விளக்கை அணைத்துவிட்டுச் சத்தமில்லாமல் மூலையில் ஒண்டிக்கொள்ளப் பயிற்சி எடுக்கிறான். அவனுக்கு அதைக் கற்றுக்கொடுக்கிற தேசத்தில், “நல்ல பக்கம்” “கெட்ட பக்கம்” என்று ஒரு கோடு போட்டு, குண்டு அதைத் தாண்டாது என்று நம்புவது புத்திசாலித்தனமாகுமா?