எல்லையில்லாப் பந்தயம்

சீட்டாட்டம் என்ற சொல் கேட்டதும் பெரியோர் முகம் சுளிப்பர். இளையோர் முகம் மலர்வர். இவ்விரு திறத்தார்க்கும் இடைநின்று சில கூற யாம் விழைகின்றோம். விழா மலருக்கு இப்பொருள் ஏற்குமோ எனச் சிலர் வினவலாம். கல்லூரியின் புகழை உரைக்கும் மலர், அதன் மாணவர்க்கு நேரக்கூடிய கேட்டினையும் உரைத்தல் கடனன்றோ?

சீட்டு நம்மவர்க்குப் புதியதன்று. முந்நூற்றுநான்கு என்னும் ஆட்டத்தை அறியாத இலங்கைத் தமிழர் சிலரே. 32 சீட்டுகளின் மதிப்பெண்களைக் கூட்டின் 304 வரும், பெயர்க்காரணம் அதுவே. அவ்வாட்டத்தில் ஜாக்கியும் ஒன்பதும் முன்னிற்க, ஆஸ் மூன்றாம் இடத்திலேயே நிற்கும். லயத்து வாசலிற் பணமின்றி ஆடப்படும் அத்தகைய ஆட்டத்தை யாம் பழிக்கமாட்டோம். நினைவாற்றலும் கூட்டாளியைக் குறிப்பறியும் திறனும் அதனால் வளரும்.

இன்று கைப்பேசி வழியே நம் மலைநாட்டு இளைஞர் கையிற் புகும் போக்கரோ வேறு வகையினது. அதிலும் 'நோ-லிமிட்' என்னும் முறையில், கையிலுள்ள பணம் அனைத்தையும் எவரும் எப்பொழுதும் ஒரே முறையிற் பந்தயமாக வைக்கலாம். ஆங்கே ஆஸ் தலைமைச் சீட்டு. ஆஸும் அதே இனத்துச் சீட்டொன்றும் கைக்கு வந்துவிடின் புதிதாய்ப் பழகுவோன் அரசுரிமை பெற்றவன்போல் மகிழ்கின்றான். ஆஸ் என்பதைத் தமிழ் மரபுக்கேற்ப 'ஆசு' என எழுதின் குற்றம் என்ற பொருளும் உடன்தோன்றும். அப்பொருத்தத்தைக் கணக்கே காட்டும்.

ஒருவர் கைக்கு மறைவாக வருவன இரண்டு சீட்டுகள். பொதுவில் விரிவன ஐந்து. கைக்கு வரத்தக்க 1,326 இணைகளுள் மேற்கூறிய அழகிய இணைகள் 48 மட்டுமே. அவை வந்தபின்னும், முதல் மூன்று பொதுச் சீட்டுகளோடு ஐந்தும் ஓரினமாதல் ஏறத்தாழ 119 தடவைக்கு ஒரு தடவையே. நான்கு மட்டும் சேர்ந்து, ஐந்தாவதற்கு ஏங்கி நிற்கும் நிலையோ ஒன்பது தடவைக்கு ஒரு தடவை வரும். ஏமாற்றம் தொடங்கும் இடம் இதுவே.

குவியலில் 1,000 ரூபாய் உளது. எதிரி மேலும் 1,000 வைக்கின்றான் எனக் கொள்வோம். 2,000 ரூபாயை வெல்ல நாம் 1,000 இடல்வேண்டும். மூன்றில் ஒரு முறையேனும் வென்றாலன்றி இது நட்டமே. எஞ்சிய இரு சீட்டுகளுள் ஒன்றேனும் கைகொடுக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 35 எனக் கற்ற இளைஞன், 'போதும்' எனத் துணிகின்றான். ஆனால் அந்த 35 இரு சீட்டுகளையும் ஒரே விலைக்குக் காண்பார்க்கு உரியது. அடுத்த சீட்டு ஒன்றிற்கு மட்டுமாயின், காணாத 47 சீட்டுகளுள் உதவுவன 9; ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. அது பொய்த்ததும் எதிரி மீண்டும் விலை கேட்பான். எல்லையில்லா ஆட்டமாதலின் உள்ளது அனைத்தையும் கேட்பான். பின்னர் வெல்லக்கூடியதும் கணக்கிற் சேரும் என்பார் உளர். எதிரி அதனைத் தருவான் என்பதற்கு உறுதி யாது? அன்றியும், துணைச்சீட்டு சிறிதாயின், பொதுவில் ஆஸ் வந்து இணை சேர்ந்தாலும், பெருந்துணையுடன் ஆஸ் வைத்திருப்பான் முன் தோல்வியே பெரும்பாலும் எஞ்சும்.

போக்கர் திறமை விளையாட்டு என்பர். சென்னை உயர்நீதிமன்றமும் 2023 நவம்பரில் ரம்மியையும் போக்கரையும் அவ்வாறே கொண்டது. அதனை யாம் மறுக்கவில்லை. எனினும் 2025இல் இந்திய நாடாளுமன்றம், திறமையாயினும் வாய்ப்பாயினும், இணையவழிப் பண விளையாட்டுகளைத் தடைசெய்து சட்டம் இயற்றிற்று. திறமை உடையார்க்கே வெற்றி எனின், அஃதில்லார் பணமே அவர்க்கு ஊதியமாகும் என்பதும் பெறப்படுமன்றோ? 2024இல் தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்கூலி 1,350 ரூபாய் என விதிக்கப்பட்டது. மேற்காட்டிய ஒரு பந்தயமே, தாய் ஒருத்தி பனியிலும் அட்டைக்கடியிலும் நின்று கொழுந்தெடுத்த ஒரு நாளின் பெரும்பகுதியை விழுங்கிவிடும்.

வள்ளுவர் சூது என்னும் அதிகாரத்தின் முதற்குறளிலேயே தோல்வியை அன்று, வெற்றியையே அஞ்சுமாறு பணித்தார். ஒருமுறை வந்த 'பிளஷ்' நூறுமுறை வாராததை மறக்கச் செய்யும் என்பதை அப்பெருந்தகை நன்குணர்ந்தார்போலும்.

ஆதலின், சீட்டுக்கட்டை விடுதியிலிருந்து துரத்துதல் போதாது. துரத்திய பொருள் கைப்பேசிக்குள் ஒளியும். கணித ஆசிரியர் அக்கட்டையே வகுப்பிற் கொணர்ந்து வாய்ப்பியல் கற்பிப்பாராக. மாணவர், அழகிய சீட்டையும் வேண்டுமிடத்து எறிந்துவிடும் அடக்கத்தைப் பணமின்றிப் பயில்வாராக. கொழும்பிலிருந்தும் கடல்கடந்தும் வரும் பழைய மாணவர்க்கும் ஒரு வேண்டுகோள்: இளையோர் நடுவே நீவிர் வென்ற இரவை மட்டும் விரித்துரையாது, தோற்ற இரவுகளின் கணக்கையும் உரைப்பீராக. கல்லூரிக்கு நீவிர் ஈயும் நன்கொடையினும் அவ்வுண்மை சிறந்ததாகும்.